மன்னர் ஏந்திய உருண்டை

காலம் எதையும் மறைப்பதில்லை. மண்ணுக்குள் போன உண்மை ஒருநாள் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்தே தீரும். அரண்மனை வாசலில் பளிங்கில் அப்படித்தான் பொறித்திருந்தார்கள். அதற்குக் கீழே அம்புக்குறி போட்டு, ‘கழிப்பறை இந்தப் பக்கம் இல்லை’ என்று யாரோ கரியால் எழுதியிருந்தார்கள். பிளம்பருக்குச் சிரிப்பு வந்தது. எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால், அருங்காட்சியகமாவதற்கு முன்பு இது பத்திரப்பதிவு அலுவலகமாக இருந்த காலத்தில், மாதம் இரண்டு தடவை அதைப் பழுதுபார்த்தவர் அவர்தான்.

இன்று வந்தது வேலைக்கு அல்ல. மருமகன் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர். ஏழு வருஷம் ஆராய்ந்து அவர் டாக்டர் பட்டம் வாங்கிய பொருள் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியிருக்கிறது. அந்தப் பட்டத்தை நம்பித்தான் திங்கட்கிழமை வேலை நிரந்தரமாகப் போகிறது. அப்பா பார்த்தே ஆக வேண்டும் என்று மகள்தான் பிடிவாதம் பிடித்துக் கூட்டிவந்தாள்.

சிவப்புப் பட்டின்மேல், மூன்று விளக்குகளின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது ஒரு செம்பு உருண்டை. பக்கவாட்டில் ஒரு பித்தளைக் கம்பி.

“நல்லா பாருங்க மாமா. முடிசூட்டுறப்போ ராஜா கையில ஏந்துனது. உருண்டை பூமி, கம்பி செங்கோல். பின்கட்டுல தோண்டுறப்போ கெடைச்சுது. ஐநூறு வருஷப் பழசு.”

பிளம்பர் பார்த்தார். கக்கூஸ் தொட்டி நிரம்பியதும் மேலே வந்து தண்ணீரை நிறுத்துகிற மிதவை அது. உலகத்தில் ஆயிரம் மிதவை இருக்கும், நமக்கென்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அப்போதுதான் கம்பியின் அடியில் மூன்று புள்ளிகள் கண்ணில் பட்டன. அடுத்தவன் செய்த வேலைக்குத் தான் பேச்சு வாங்கக் கூடாதென்று, பூட்டுகிற ஒவ்வொரு சாமானிலும் அவர் ஆணியால் அடித்து வைக்கிற அடையாளம். வீட்டு வாளியில் இருக்கிறது. மகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டு டப்பாவில்கூட இருந்தது.

“மூணு புள்ளி பாத்தீங்களா? வானம், பூமி, பாதாளம். இதுக்கு மட்டுமே எண்பது பக்கம் எழுதிருக்கேன்.”

“மாப்ள, இது வந்து…”

“தயங்காம கேளுங்க மாமா. தெரியாததைக் கேக்குறதுல தப்பே இல்ல.”

மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சின்ன வயதில் டப்பாவைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோது இருந்த அதே முகம்.

“அப்பாவுக்குக் கால் வலிக்குதாம்,” என்றாள். “அப்படித்தானேப்பா?”

“ஆமாம்மா,” என்றார் பிளம்பர். கால் நன்றாகத்தான் இருந்தது.

மருமகன் விடுவதாக இல்லை. கடைசியாக ஒன்றே ஒன்று என்று உருண்டையின் அடியைக் காட்டினார். ஊசிமுனையளவு ஒரு துளை. அதன் வழியாகத்தான் மன்னர் தலையில் புனித நீர் சொட்டுச் சொட்டாக இறங்குமாம். அந்தக் கைநுட்பம் இன்றைக்கு எவனுக்கும் வராதாம். சுற்றி நின்ற நாலு பேர் ‘அடேயப்பா’ என்றார்கள். பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஈயம் போதாமல் அவர் அரைகுறையாகப் பற்றவைத்த இடம் அது. ஒழுகுகிறது என்று மறுவாரமே கழற்றிப் பின்கட்டில் எறிந்துவிட்டார்கள்.