ஒரு சிட்டிகை உப்பு

வேலை விட்டு வந்த சத்யா பாட்டிலைத் தூக்கிப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் மீசையை ஆட்டிக்கொண்டிருந்த பொடி இறால் அடியில் சுருண்டு கிடந்தது.

“கொஞ்சூண்டு உப்புதான் போட்டேன்,” என்றாள் மாமியார் எல்லம்மா. “உப்பு இல்லாம எறா எப்பிடிமா பொழைக்கும்?”

பழவேற்காட்டு உப்பு ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? பாசத்தில் போட்ட உப்பு. சத்யாவுக்குக் கோபப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக் குழாயில் கட்டிய துணியில் சிக்கியது அது. தண்ணீரில் புழு என்று வீட்டுக்கு வீடு பேச்சு. ஓனர் ராஜவேலு இன்று சாயங்காலம் குழாய்க்குத் தண்ணீர் ஏறும் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டப் போகிறார். விலங்கியல் படித்துவிட்டுக் கம்பெனியில் போல்ட் சோதித்துக்கொண்டிருக்கும் சத்யா, அது புழு இல்லை, கொட்டினால் அத்தனையும் செத்துவிடும் என்று கெஞ்சியதில், உயிரோடு காட்டு, பார்க்கலாம் என்றிருந்தார். படித்த படிப்பு ஒருநாளாவது உதவும் என்று காலையில் எவ்வளவு சந்தோஷமாகப் போனாள்!

இது நல்ல தண்ணீர் இறால் என்று மாமியாரிடம் சொன்னாள். தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில், பாறை இடுக்கு இருட்டிலேயே கிடந்து கண் இல்லாமல் போயிற்று. பார்க்க யாருமில்லாத இடத்தில் நிறம் எதற்கு, அதுவும் போயிற்று. பதிலுக்கு மீசையும் காலும் நீண்டுவிட்டன. தடவித் தடவியே இரை தேடும். கிடைக்காவிட்டால் வெகுநாள் பட்டினியும் தாங்கும்.

“தடவியா?” எல்லம்மாவின் முகம் மலர்ந்தது. “அப்போ நம்ம ஆளுதான்.”

ஏரியில் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தவள் அவள். புடவையைச் செருகி, டீ வடிகட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினாள். சத்யா சொம்போடு பின்னால் போய் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினாள்.

வடிகட்டியைக் கையில் எடுத்தாள் எல்லம்மா. “லைட்ட அமத்துமா. அதுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்.”

தண்ணீர் கசியும் கல்லிடுக்கில் தோள்வரை கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தெருவில் ராஜவேலுவின் பைக் சத்தம் கேட்டது.

திடீரென்று எல்லம்மா சிரித்தாள். “கூசுது.”

சத்யா மறுபடி செல்போன் வெளிச்சத்தைக் காட்டினாள். குவித்த கையில் கொஞ்சம் தண்ணீர்; அதில் வெள்ளையாக ஓர் உயிர், நீண்ட மீசையால் அவள் ரேகைகளைத் தடவிக்கொண்டிருந்தது. மேலே, பவுடர் மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே ராஜவேலு எட்டிப் பார்த்தார். பிறகு மூட்டையை ஓரமாக இறக்கி வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் கால் வைத்தார்.