நீளமான வார்த்தை

“கூடப் பழகுறவுகளுக்குன்னா ‘அரிகாதோ’ போதும்மா. பெரியவுகளுக்கு ‘அரிகாதோ கொசாய்மாஸ்’னு நீளமா, குனிஞ்சு சொல்லணும். நீ எப்பவும் நீளமானதையே சொல்லிரு,” என்று ஃபிட்டர் சௌரிராஜன் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“நன்றி சொல்றதுலயும் பெரிய ஆளு, சின்ன ஆளாண்ணே? நம்ம மில்லுல அந்த வம்பே இல்ல. யாருக்கும் சொல்றதில்ல,” என்று தங்கப்பொண்ணு சிரித்தாள்.

நூல் சுற்றும் புது மெஷினைப் பூட்ட ஜப்பானிலிருந்து நிஷிமுரா வந்த அன்று நடந்த பேச்சு அது. ஆறு வாரம் ஓடிவிட்டது. இன்று அவர் ஊருக்குத் திரும்புகிறார். உள்ளே வழியனுப்பு விழா. தங்கப்பொண்ணு மில் கேட்டுக்கு வெளியே, பதிலி ஆட்களோடு வெயிலில் நின்றாள்.

நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால்தான் பதிலிக்கு வேலை. நாள் கணக்குக் கூடினால் பெர்மனென்ட் ஆக்க வேண்டிவரும் என்று, வருடத்தில் இருநூறு நாளை நெருங்கும்போதே கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். எட்டு வருடமாக அவளுக்கு இதுதான். மேனேஜரிடம் கேட்டுவிட வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைப்பாள். அவர் எதிரே வந்தால் கால் தானாக ஒதுங்கி வழிவிடும்.

புது மெஷினில் முதலில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நிஷிமுரா மூன்று நாள் கழற்றி மாட்டிப் பார்த்தார். நான்காம் நாள் தங்கப்பொண்ணு, நூல் நுழையும் பீங்கான் வளையத்தை நகத்தால் தடவி, மயிரிழைக் கீறல் ஒன்றைக் காட்டினாள். “அரிகாதோ” என்றார். அதன்பின் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாலும் அதே சொல். நீளமானதை மேனேஜருக்கு மட்டும் வைத்திருந்தார். மெஷின் ஒழுங்காக ஓடத் தொடங்கிய மறுநாளே தங்கப்பொண்ணைக் கூப்பிடுவது நின்றது. ஆனாலும் தினமும் கேட்டுக்கு வந்து நின்று பார்த்தாள்.

கேட்டைத் தாண்டிய கார் சட்டென்று நின்றது. மாலையும் கழுத்துமாக நிஷிமுரா இறங்கினார், பின்னாலேயே மேனேஜரும். நிஷிமுரா நேரே அவள் முன்னால் வந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பு வளையக் குனிந்தார்.

“அரிகாதோ கொசாய்மாஸ்.”

அவளும் குனிந்து, தடுமாறாமல் அதையே சொன்னாள்.

“சாமியே எறங்கி வந்து கும்புடுது. வரத்தைக் கேளுடி,” என்று பக்கத்தில் நின்ற பாண்டியம்மாள் முணுமுணுத்தாள்.

மேனேஜர் தங்கப்பொண்ணை அப்போதுதான் கவனித்தார்.

“நீ ஏம்மா வெளிய நிக்கிற? விழாவுக்கு வரலையா?”

காருக்குப் பின்னால் வாட்ச்மேன் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தான். இந்த முறை அவள் ஒதுங்கவில்லை.

“எட்டு வருசமா வெளியதான் நிக்கிறேன் சார். என்னையப் பெர்மனென்ட் ஆக்குங்க.”