சரீபின் முந்நூற்றுப் பன்னிரண்டு அடிகள்

என் மச்சான் சரீபிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு அடிகள் இருந்தன. திருகோணமலைத் துறைமுகத்தில் வத்தைப் படகில் சரக்கேற்றுகிறவன். வந்த கப்பலிலெல்லாம் ஏறி, மாலுமிகளிடம் தேங்காய்க்கு ஓர் அடி என்று வாங்கிக் கொப்பியில் எழுதினான். ஜப்பான்காரனின் தூக்கியெறிதல், கொரியாக்காரனின் உதை, கிரேக்கன் காதைக் கடிக்கும் முறை இரண்டு. சீனடிச் சண்டைக்கலை பழகிய நான், "முதல்ல ஒழுங்கா நிக்கப் பழகு" என்றால், "அதைக் கொப்பியில எங்க எழுதுற மச்சான்?" என்பான்.

அறுபத்தெட்டாம் ஆண்டு என் மகன் ஜெமீலுக்குக் கிண்ணியாவில் கலியாணம். எங்கள் வழக்கப்படி பெண்பக்கத்துச் சீனடிக் கம்புக்காரர் பந்தல் வாசலை மறிப்பார். மாப்பிள்ளைபக்கத்து ஆள் அவரை அசைத்தால்தான் மாப்பிள்ளை உள்ளே போகலாம். மறித்தவர் பெண்ணின் மாமா ஸெய்னுதீன், எழுபது வயது. எங்கள் ஆள் சரீப். நான் வேண்டாமென்றேன். என் பெண்சாதி பல்கீஸ், தம்பி என்றால் தம்பிதான் என்றாள்.

மௌலவி நாலு மணிப் படகில் அக்கரை போக வேண்டும். அவர் போனால் நிக்காஹ் நோன்பு மாதம் கழிந்துதான். மணி மூன்றரை. சரீப் நின்று யோசித்தான்.

"என்ன மச்சான் செய்யிற?" என்றேன்.

"எதைப் போடுறதெண்டு பாக்கிறன். நூற்றிப்பதினேழு நல்லம். ஆனா அதுக்கு எதிராள் கொழுத்தவனா இருக்கோணும்."

"மணி போகுது."

"அவசரப்பட்டா இலக்கம் பிழைச்சிடும்."

கடைசியில் எல்லா அடியும் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்தன. வலது கால் கொரியாவுக்குப் போனது, இடது கை ஜப்பானுக்கு. இடது கால் தோளிலேறிக் கழுத்தைச் சுற்றி அக்குளுக்குள் புகுந்துகொண்டது. ஆள் முடிச்சாகிவிட்டான். மூன்று பேர் இழுத்தோம், இன்னும் இறுகியது. கலியாணத்துக்கு வந்திருந்த பற்றிக், துறைமுகத்தில் கயிறு கட்டுகிறவர், சுற்றிவந்து பார்த்தார்.

"இதை அவிழ்க்க ஏலாது. வெட்டலாம்."

சரீப் சம்மதிக்கவில்லை.

மூன்று ஐம்பது. மௌலவி செருப்பைத் தேடத் தொடங்கினார். ஜெமீல் பொறுமையிழந்து நேரே வாசலுக்குப் போய் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா."

நீட்டிய கைகளை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். கம்போடு அது முடியாது. ஸெய்னுதீன் கம்பைப் பந்தற்காலில் சாய்த்தார்.

"வஅலைக்குமுஸ்ஸலாம் மகன். இருபது நிமிசமா இதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

ஸலாம் சொல்லாமல் சீனடிக்காரன் எதிராளை நெருங்குவதில்லை. முதல் நாளே சொல்லித் தருவது. சரீப் அந்த முதல் நாள் பாடத்துக்கு வராமல் கப்பலுக்குப் போயிருந்தான்.

நிக்காஹ் எழுதி முடிந்தது. மௌலவி படகுக்கு ஓடினார். நான் வெளியே வந்தபோது முடிச்சுக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"மச்சான், ஜெமீல் போட்டது எந்த நாட்டு அடி?"

நான் சோற்றுக்குப் போனேன்.