ஹீட்டரில் வந்த வாடை

வேனில் ஏதோ கருகுகிறது என்று முதலில் சொன்னவர் இஸ்திரிக்காரர்தான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகும் ஐந்து பேரை வீட்டுவாசலில் ஏற்றி, மருத்துவமனையில் இறக்கி, மறுபடி வீடு சேர்க்கிற வேன் அது. முப்பது வருஷம் துணி தேய்த்த அந்த மனிதர் எப்போதும் முன்சீட்டில், ஓட்டுகிறவளுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்.

அவள் ஹீட்டர் காற்று வரும் துளைப்பக்கம் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஆமாண்ணே, லேசா வருது என்றாள்.

அவளுக்கு ஒன்றும் வரவில்லை. போன வருஷம் படுக்கையில் தள்ளிய காய்ச்சல், போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. கணவனுக்கு மட்டும்தான் தெரியும். அடுப்பில் பால் தீய்ந்தால் அவன்தான் ஓடிவந்து இறக்குவான். அலுவலகத்தில் வாய் திறக்கவில்லை. கண்ணும் காதும் ஒழுங்காக இருக்கிறது, மூக்கால் யார் வண்டி ஓட்டுகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகலாமென்றால் அதற்கும் வழியில்லை. குளிர்காலம். சிகிச்சை முடிந்து வருகிறவர்களுக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கும். பின்சீட்டு டீச்சரம்மா இரண்டு போர்வைக்குள் சுருண்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

அன்று சாயங்காலமே வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவன் அவளைவிடச் சின்னவன், அளந்து பேசுகிறவன். வேலையைத் தொடுவதற்கு முன்னால் எந்த மாதிரி வாடை என்று கேட்டான். தித்திப்பாக அடித்தால் ஹீட்டருக்கு வரும் கூலன்ட் தண்ணீர் கசிகிறது, எண்ணெய் வாடையென்றால் இன்ஜின் மேல் ஒழுகுகிறது, பிளாஸ்டிக் என்றால் ஒயர், ரப்பர் என்றால் பெல்ட் என்று விரல்விட்டுச் சொன்னான். நான்கையும் கேட்டுவிட்டு, கடைசியாகக் காதில் விழுந்ததையே அவள் சொன்னாள்.

"ரப்பர் மாதிரி."

அவன் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தான். கொஞ்சம் தேய்ந்திருந்தது. மாற்றினான். பிறகு ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான். வாடை வரவில்லை. இதுவாகத்தான் இருக்கும், கொண்டுபோங்கக்கா என்றான்.

இரண்டு நாள் கழித்து, எல்லோரையும் வீட்டில் விட்டுவிட்டு இஸ்திரிக்காரர் மட்டும் மிச்சமிருந்த நேரம். அவருக்குக் காற்று முகத்தில் அடிக்கக்கூடாதென்று ஹீட்டர் ஃபேனைக் குறைத்தாள். அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"மறுபடியும் வருதும்மா. அன்னிக்கைவிட அதிகமா."

அவள் பழையபடி குனிந்து, மூச்சை இழுத்து, தலையாட்டினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"போன மாசம் பின்னால ஒருத்தர் வாந்தி எடுத்தாரே, ஞாபகம் இருக்கா? நாங்க எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டோம். நீ மட்டும் தண்ணி சிந்தின மாதிரி வந்து தொடச்சிட்டுப் போனே. எவ்வளவு நல்ல மனசுன்னு நெனச்சேன்." பிறகு சொன்னார்: "நல்ல மனசுதான், அதுல சந்தேகமில்ல. ஆனா உனக்கு மணம் தெரியல, இல்லியா?"

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதுவிட்டாள். அவர் ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. அவள் அழுகை அடங்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். பிறகு, தன் மூக்கு சும்மாதான் கிடக்கிறது, நாளைக்குச் சிகிச்சை இல்லாத நாள், மெக்கானிக்கிடம் தன்னையும் கூட்டிக்கொண்டு போ என்றார்.

மறுநாள் காலை மெக்கானிக்கிடம் அவளே சொன்னாள்: அன்றைக்கு ரப்பர் என்றது பொய், தனக்கு எந்த வாடையும் தெரியாது. அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ, அப்போதே சொல்லியிருந்தால் ஒரு பெல்ட் தப்பித்திருக்குமே அக்கா என்று மட்டும் சொல்லி, இஸ்திரிக்காரரை முன்சீட்டில் ஏற்றினான்.

ஃபேனை நான்கில் வைத்தான். அவர் இல்லை என்றார். மூன்று. இல்லை. இரண்டுக்கு வந்தபோது கையைத் தூக்கினார்.

"இது ரப்பரும் இல்ல, எண்ணெயும் இல்ல. இஸ்திரிப் பெட்டிய ஒரே எடத்துல விட்டா துணி பழுப்பாகும் பாருங்க, அந்த வாடை. அடியில கொஞ்சம் பிளாஸ்டிக்கும் இருக்கு."

மெக்கானிக் அதற்குமேல் கேட்கவில்லை. ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் நேராகப் போய்விடும், குறைந்த வேகத்தில்தான் ஒரு கம்பிச்சுருள் வழியாகப் போகும், அந்தச் சுருள் சூடாகும் என்று சொல்லிக்கொண்டே இடதுபக்க டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினான். உள்ளே கைவிட்டு எடுத்தான். எலிக்கூடு. சீட்டுப் பஞ்சு, கிழிந்த காகிதம், போர்வை நூல் எல்லாம் உருண்டையாகச் சுருளோடு ஒட்டியிருந்தன. ஒரு பக்கம் கரியாகியிருந்தது. பக்கத்திலிருந்த ஒயர் பிளக் பாதி உருகித் தொங்கியது.

"இன்னும் நாலு நாள் ஓடியிருந்தா பத்தியிருக்கும்" என்றான்.

அவள் அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து ஓட முடியாத ஐந்து பேர். அவர்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறாள். இஸ்திரிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

அன்றே அலுவலகத்துக்குப் போய் மேலாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, முன்பே சொல்லாதது பெரிய தப்பு என்றார்; முகத்தைப் பார்த்தே சொன்னார். டாக்டர் சான்றிதழ் வரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

ஒன்பது நாள் அவள் வீட்டில் இருந்தாள். பத்தாம் நாள், டாக்டர் சான்றிதழ் கிடைத்ததும் கூப்பிட்டார்கள். வேனுக்குள் புகை வந்தால் அலறும் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். தினமும் கிளம்புமுன் வேறொரு ஓட்டுநர் ஏறி மோந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமென்று ஏற்பாடு. சக ஓட்டுநர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

முதல் நாள் ஐவரையும் ஏற்றிக்கொண்டு ஹீட்டரைப் போட்டாள், இரண்டாம் எண்ணில். எதற்கும் இருக்கட்டுமென்று, இப்போது என்ன வாடை வருகிறது என்று இஸ்திரிக்காரரிடம் கேட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கருகல் இல்ல. புது பிளாஸ்டிக் கொஞ்சம். டீச்சரம்மா தலையில எண்ணெய். பின்னால யாரோ டாக்டருக்குத் தெரியாம ஆரஞ்சு உரிக்கிறாங்க, நமக்குத் தரப்போறதில்ல."

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள்.