அல்பேட் வெட்டிய லைலாக்

புலம்பெயர்ந்து குடியேறிய மோர்னிங்சைட்டில், அல்பேட்டின் வீட்டுக்குப் பின்னால் நின்ற, வைகாசியில் பூக்கும் லைலாக் செடிக்கு ஆவணியில் நோய் வந்தது. இலையெல்லாம் மாவைத் தூவியது போல வெள்ளை. செடியில் ஒரு குறை கண்டால் அல்பேட்டின் கை சும்மா இராது. பார்பிக்யூ அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து இலைகளின் மேல் விசிறினார். பிறந்த ஊரில் கத்தரிக்குப் பூச்சி பிடித்தால் அதுதானே மருந்து. பிறகு எது நோய், எது மருந்து என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது.

வேலிக்கு அப்பால் மனோரஞ்சிதத்தின் லைலாக்கிலும் அதே வெள்ளை. மட்டக்களப்புக்காரி, எதற்கும் பதறாத மனுஷி. இது பூஞ்சணம், பார்க்கத்தான் அசிங்கம், செடி சாகாது, உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளினால் போதும் என்றார். அல்பேட் கேட்பாரா? உங்கள் செடியிலிருந்துதான் நோய் தாவியது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார்.

ஐப்பசியில் மனைவி அருள்மலர் அஜக்ஸில் மகள் வீட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கத்தரிக்கோலை எடுத்தார். மல்லிகையை ஒட்ட வெட்டினால் பூத்துக் கொட்டும். லைலாக் மட்டும் என்ன மகாராணியா? நுனி ஒன்று விடாமல் வெட்டித் தள்ளினார். திரும்பி வந்த அருள்மலர் செடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தேநீர் போடப் போய்விட்டார்.

வைகாசி பிறந்தது. மாதா வணக்க மாதம். வீடு வீடாகக் கூடிச் சொல்லும் செபமாலை, அந்த முறை கடைசி நாள் அவர்கள் வீட்டில். மாதா சுரூபத்தை வீட்டு லைலாக்கால் சோடிக்க வேண்டும் என்பது அருள்மலரின் நெடுநாள் ஆசை. அல்பேட்டின் செடியிலோ பச்சைப் பசேலென்று இலை, வெள்ளைப் பொட்டுக்கூட இல்லை. பூவும் இல்லை. பதறிப்போய்க் கைப்பேசியில் தேடினார். லைலாக் அடுத்த வருடப் பூவுக்கான மொட்டுகளைக் கோடையிலேயே நுனியில் கட்டிவிடுமாம். மாதாவின் பூவைத்தான் அவர் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

வேறு வழியில்லை. கடைசி நாள் காலை வேலியடிக்குப் போனார். அந்தப் பக்கம் செடி ஊதாவாகப் பூத்துக் குலுங்கியது.

“தங்கச்சி, போன வருசம் நான் கதைச்சதை மனசில வைச்சிருக்காதையுங்கோ. கொஞ்சப் பூ தருவியளோ?”

மனோரஞ்சிதம் உள்ளே போய், வாளி நிறையப் பூவோடு வந்தார். விடியவே வெட்டித் தண்ணீரில் வைத்த பூ.

“அருள்மலர் அக்கா பங்குனியிலயே கேட்டு வைச்சிட்டா, அண்ணை. நீங்களா வந்து கேக்கும் வரைக்கும் குடுக்க வேண்டாமெண்டும் சொன்னவ.”

அல்பேட் திரும்பிப் பார்த்தார். குசினி யன்னலில் அருள்மலர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கோபப்படத்தான் நினைத்தார், சிரிப்பு முந்திக்கொண்டது.

மாலையில் செபமாலைக்கு வந்த ஊர்க்காரர் அகஸ்ரின், மாதாவின் காலடியில் குவிந்திருந்த பூவைப் பார்த்து வாயைப் பிளந்தார். இது உங்கள் வீட்டுப் பூவா என்று கேட்டார். அருள்மலர் வாய் திறக்குமுன் அல்பேட் முந்திக்கொண்டார்.

“பக்கத்து வீட்டுத் தங்கச்சியின்ர. என்ர செடியில நோயும் இல்லை, பூவும் இல்லை.”