மூன்றாவது வளைவில் இருமல்

தடால்!

தூக்குவண்டியின் கொக்கியிலிருந்து கார் தரையில் விழுந்த சத்தத்தில், பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த நான் நிமிர்ந்து, மண்டையை மூடியில் நன்றாக இடித்துக்கொண்டேன். வலித்ததைவிட வாசலில் பார்த்தது அதிகம் வலித்தது. அதே வெள்ளை கார். மூன்றாவது முறை. முதல் இரண்டு முறை தானாக ஓடி வந்தது. இந்தச் சனிக்கிழமை காலையில் சங்கிலியில் தொங்கியபடி, தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

தூக்குவண்டியின் முன் சீட்டிலிருந்து மேனேஜர் அம்மா இறங்கினார். மலை உச்சியில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான்.

"என்ன டாக்டரே, நோயாளியை இந்தத் தடவை ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றார்.

என்னை டாக்டர் என்று தெருவில் கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணை மூடுவதற்கும் எஞ்சினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பார்ப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும்.

"இன்னிக்கு எங்க மேடம் நின்னுச்சு?"

"அதே மூணாவது வளைவு. இருமுச்சு, குலுங்குச்சு, படுத்துடுச்சு. எனக்குப் பின்னாடி பதினோரு வண்டி. ஒருத்தர் இறங்கி வந்து, 'ஏம்மா, மலையை வாங்கிட்டீங்களா'ன்னு கேட்டாரு."

நான் சாவியை வாங்கித் திருப்பினேன். எஞ்சின் ஒரே சுற்றில் கிளம்பி, பால் குடித்த பூனைபோல உறுமியது. என்னை அவமானப்படுத்துவதற்கென்றே பிறந்த கார் அது.

"பாருங்க, ஓடுதே!" என்றேன்.

"இங்க ஓடும். எனக்கு வேலை மேலதானே?" என்று அவர் திரும்பினார். "திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள முடியலைன்னா வேனையெல்லாம் கம்ப்யூட்டர்கிட்டயே விட்டுடறேன்."

கம்ப்யூட்டர் என்பது எதிர் வளைவில் பட்டறை வைத்திருப்பவரின் பட்டப்பெயர். வண்டி உள்ளே வந்ததும் ஒயரைச் சொருகித் திரையைப் பார்ப்பார். வேன் என்றால் பள்ளிக்கூடத்தின் ஆறு வேன்கள். இந்தக் காரைச் சரிசெய்தால் ஆறின் பராமரிப்பும் எனக்கு என்பதுதான் பேச்சு. இல்லாவிட்டால் அடுத்த மாதம் ஷட்டரை இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் பட்டறையிலேயே ஸ்பானர் பிடிக்க வேண்டியதுதான். அவர் ஏற்கெனவே ஒருமுறை, "அண்ணே, உங்க மாதிரி அனுபவஸ்தர் டயர் பக்கம் இருந்தா நல்லா இருக்கும்," என்று சொல்லியிருந்தார். டயர் பக்கம்! இருபத்திரண்டு வருஷம் எஞ்சினின் நெஞ்சைக் கேட்டவனை, காற்றுப் பிடிக்கச் சொல்கிறார்.

மேனேஜர் அம்மா போனதும் என் மனைவி பில் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பட்டறையில் போன் எடுப்பது, உதிரிபாகம் வரவழைப்பது, வாடிக்கையாளரைச் சமாளிப்பது எல்லாம் அவள்தான். எஞ்சின் சத்தத்தைவிட அவள் சத்தம் எனக்கு நன்றாகப் புரியும்.

"முதல் தடவை என்ன சொன்னீங்க?"

"பிளக்."

"மாத்தினீங்க. ரெண்டாவது தடவை?"

"இக்னிஷன் காயில்."

"அதையும் மாத்தினீங்க. ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், எல்லாம் புதுசு. இனி அந்தக் கார்ல பழசா இருக்கறது நம்பர் பிளேட்டும் உங்க யோசனையும்தான்."

"அந்த மலையில காத்து கொஞ்சம் மெலிசு," என்றேன்.

"ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணலாம். அதே மலையில பால் வண்டி ஏறுது, தபால்காரர் மொபெட் ஏறுது. இவங்க காருக்கு மட்டும் காத்து மெலிஞ்சுடுச்சா?"

ஸ்க்ரூடிரைவரை எடுத்து மெதுவாகத் துடைத்தேன். அது கம்பீரமாக இருந்தது என்று நான் நினைத்தேன். அவள் ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள்.

உண்மையில் எனக்குக் குழப்பம்தான். பெட்ரோல் அழுத்தத்தைக் கருவி வைத்துப் பார்த்தேன், கச்சிதம். இரண்டு முறையும் அந்தக் காரை நானே மலையுச்சி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தும்மல்கூடக் கிடையாது. மூன்றாவது வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி கிளப்பி, மேலே போய்த் திரும்பினேன். என் கையில் ஏறும் கார் அவர் கையில் படுத்துவிடுகிறது. கடைசியில், அந்த அம்மாவுக்கு ஓட்டத் தெரியவில்லை என்ற தீர்ப்புக்கே வந்துவிட்டேன். மருந்து கேட்காத வைத்தியன் நோயாளியைத் திட்டுவது வழக்கம்தானே.

இந்த இடத்தில் என் கொள்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருஷம் முன்பு ஒருவர், "டெஸ்ட் பண்றேன்னு என் பெட்ரோலை ஊர் சுத்தியே தீர்த்துட்டான்," என்று கடைத்தெருவில் நின்று கத்திவிட்டார். அன்றிலிருந்து யாருடைய காரை ஓட்டிப் பார்ப்பதானாலும் முதலில் என் கேனிலிருந்து ஐந்து லிட்டர் ஊற்றிவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன். அதுவும் வாசலில் நின்று, நாலு பேர் பார்க்க ஊற்றுவேன். என் மனைவி எனக்குக் 'கொடை வள்ளல்' என்று பெயர் வைத்திருக்கிறாள். பாராட்டாகச் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். கேனைத் தூக்கினால் காற்றுபோல மேலே வந்தது.

"கேன் ஏன் காலியா இருக்கு?"

"என் ஸ்கூட்டர்ல ஊத்திட்டேன்," என்றாள் மனைவி, துப்பட்டாவைச் சரிசெய்தபடி.

"இரு, பங்க்ல போய்ப் பிடிச்சுட்டு வர்றேன்."

"ஒண்ணும் வேணாம். அவங்க பெட்ரோல்ல நாலு கரண்டி குடிச்சா உங்க எஞ்சினுக்கு வயித்தைக் கலக்கிடுமா? நானும் வர்றேன், கிளம்புங்க."

கொள்கையா, மனைவியா என்று வந்தால் எந்த வீரனும் எடுக்கும் முடிவை எடுத்தேன். கிளம்பினேன்.

முதல் வளைவு. சுகம். இரண்டாவது வளைவு. "பாத்தியா? வண்டியில ஒரு குறையும் இல்ல, ஓட்டறவங்ககிட்டதான்..." என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வளைவில் கார் ஒரு இருமல் இருமியது. பிறகு குலுங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க மூச்சு வாங்கி, விக்கி, அப்படியே அடங்கிப்போனது. சாவியைத் திருப்பினேன். சுற்றியதே தவிர உயிர் வரவில்லை.

பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. நான் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தேன்.

"நின்னுடுச்சு! என் கையிலயே நின்னுடுச்சு!"

"வண்டி நின்னதுக்குக் குதிக்கிற மெக்கானிக்கை இப்பத்தான் பார்க்கறேன்," என்றாள். "சிரிச்சு முடிச்சதும் யோசிங்க. போன ரெண்டு தடவையும் ஏறுச்சு. இன்னிக்கு ஏறலை. அப்ப இல்லாதது இன்னிக்கு என்ன?"

"நீதான். போன ரெண்டு தடவையும் நீ வரலை."

"என் எடைக்கு வண்டி நின்னுச்சுன்னு சொல்ல வர்றீங்களா?"

அவள் கேட்ட தொனியில் எஞ்சினே தேவலை என்று முகத்தைத் திருப்பினேன். பார்வை போய் விழுந்தது பெட்ரோல் முள்ளில். கால் டேங்குக்கும் கொஞ்சம் கீழே நின்றிருந்தது.

மனதுக்குள் ஏதோ நகர்ந்தது. போன இரண்டு முறையும் முள் அங்கே இல்லை. எப்படி இருக்கும்? ஐந்து லிட்டர் ஊற்றியவன் நானல்லவா!

பின்னால் இருந்தவர்களுக்குக் கும்பிடு போட்டு வழி வாங்கி, நியூட்ரலில் மெல்லப் பின்னுக்கு உருட்டிச் சமதளத்துக்கு வந்தேன். சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்று. கிளம்பிவிட்டது.

பட்டறைக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைக்கவில்லை. பின் சீட்டைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து, பம்ப்பை வெளியே தூக்கினேன். டேங்குக்குள் அந்தப் பம்ப் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். மேடு ஏறும்போது பெட்ரோல் பின்பக்கம் ஓடினாலும், கிண்ணத்தில் தேங்கியிருப்பதைப் பம்ப் குடித்துக்கொள்ளும். இந்தக் கிண்ணத்தின் அடியில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல். மேட்டில் கிண்ணம் ஒழுகிக் காலியாகும், பம்ப் வெறும் காற்றைக் குடிக்கும், எஞ்சின் இருமும். டேங்கில் பெட்ரோல் அதிகமிருந்தால் இந்த நோய் வெளியே தெரியாது. ஒவ்வொரு முறையும் நானே மருந்து கொடுத்து நோயை மறைத்துவிட்டு, நோயாளிக்கு நடிப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

புதுக் கிண்ணத்தை மாட்டி, அதே கால் டேங்கில் மூன்று முறை மலை ஏறினேன். மூன்றாவது வளைவில் கார் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் காரைப் பள்ளிக்கே ஓட்டிப் போனேன். மேனேஜர் அம்மாவின் அறை ஜன்னல் வழியாக ஆறு மஞ்சள் வேன்களும் வரிசையாகத் தெரிந்தன. கண்ணை அங்கே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, உடைந்த கிண்ணத்தை மேஜைமேல் வைத்தேன். பிளக்கிலும் காயிலிலும் குறை இல்லை, அவற்றை மாற்றியது என் தப்பு என்பதை ஒப்புக்கொண்டேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் சிறியதாகிவிட்டது.

"கால் டேங்குக்கு மேல நான் போட்டதே இல்லை," என்றார் அவர். "பாரம் குறைஞ்சா வண்டி லேசா ஏறும்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு. நின்னு நின்னு போகவும் இன்னும் குறைச்சுட்டேன்."

இங்கே நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் டாக்டர் என்று பெயர் வாங்கியவனால் அது முடியுமா?

"ஒயரைச் சொருகினா இதெல்லாம் திரையில வராது மேடம்," என்றேன், நாற்காலியில் சற்றுச் சாய்ந்து. "ரெண்டு நாள் சாப்பாடு தூக்கம் இல்லை. மூளையைக் கசக்கினேன். திடீர்னு மின்னல் அடிச்ச மாதிரி தோணுச்சு, கோளாறு எஞ்சின்ல இல்லை, டேங்க்லன்னு."

அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, ஆறு வேன்களின் சாவிக்கொத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"மின்னல் அடிச்சது சரி டாக்டரே, ஆனா 'டேங்க்ல எவ்வளவு வெச்சுகிட்டு மலை ஏறுவீங்க'ன்னு உங்க வீட்டம்மா சனிக்கிழமை சாயங்காலமே எனக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டாங்க, அதனால வேன் எதுவா இருந்தாலும் முதல்ல அவங்க பார்க்கட்டும், அப்புறமா நீங்க தொடுங்க."