கோனையில் பிடித்த இடம்

கோவர்த்தனனுக்குக் கோபம் ஏற நேரமே ஆகாது. இறங்கத்தான் நாளாகும். அந்த வருஷம் பங்குனியில் ஏறிய கோபம் ஆனி பிறந்தும் இறங்கவில்லை. இத்தனைக்கும் காரணம் ஒரு கேலிப் பேச்சு.

திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திராவிலிருந்து பிரிந்து மதராஸோடு சேர்ந்த சமயம் அது. பள்ளிப்பட்டில் வெடி வெடித்தார்கள். கோவர்த்தனனின் அக்கா செங்கம்மா அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் வீட்டில் கிடா வெட்டி, தம்பி குடும்பத்தையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கோவர்த்தனனின் ஊர் நகரிக்குப் பக்கம், அது ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. தன் ஊரும் சேரும் என்று வருஷக்கணக்காகக் கொடி பிடித்தவன் அவன். ஏற்கெனவே வெந்துபோய்த்தான் இலையில் உட்கார்ந்திருந்தான்.

அக்கா புருஷன் முனிரத்தினத்துக்கு வாய் சும்மா இருக்காது.

"மச்சான், உம் பொண்ணை எம் பையனுக்குக் கட்டறது இனிமே கஷ்டம்பா. வேற ராஜ்ஜியத்துப் பொண்ணாச்சே! வந்து தெலுங்குல 'ஏமண்டி'ன்னு கூப்ட்டா எம் பையன் இன்னா பண்ணுவான்?"

பந்தியே சிரித்தது. கோவர்த்தனன் பாதி இலையில் எழுந்துவிட்டான். அக்கா தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் மகள் அம்சவேணிக்கு அக்கா மகன் துலுக்காணம் என்று, அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்தது. அவளும் அந்த ஒரே நினைப்பில் வளர்ந்தவள். பள்ளிப்பட்டு பஸ் பெயர் காதில் விழுந்தாலே முகம் சிவக்கும். கோவர்த்தனனுக்கும் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றில்லை. வேண்டும்தான். ஆனால் அவர்களே வந்து கேட்க வேண்டும், நாலு பேர் பார்க்கக் கேட்க வேண்டும்.

அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். நாராயணவனத்துக்கு அந்தாண்டை கைலாசக்கோனை அருவி. ஆடிப் பதினெட்டுக்குச் சுற்றுவட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு போய் அங்கே தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கும். அக்கா குடும்பமும் தம்பி குடும்பமும் வருஷா வருஷம் பெரிய மருத மரத்தடியில் ஒன்றாகத்தான் இறங்கும். அந்த மரத்தடிக்கு ஏகப்பட்ட போட்டி. இடத்துக்காக மண்டை உடைந்த பிறகு, முன்கூட்டியே பேர் கொடுத்துப் பதிந்தவர்களுக்குத்தான் இடம் என்று ஆக்கிவிட்டார்கள். பதிவதற்கு நாராயணவனத்தில் நாகபூஷணத்தைப் பார்க்க வேண்டும். தோப்புக்குக் காவலும் அவர்தான்.

எப்போதும் அக்காவும் தம்பியும் சேர்ந்து போய்ப் பதிவார்கள். இந்தத் தடவை ஆனி பிறந்ததுமே கோவர்த்தனன் தனியாகப் போய் நின்றான்.

"மருத மரத்தடி என் பேர்ல போடுங்க."

"அலாகே, அப்படியே போட்டுடலாம். ரெண்டு குடும்பம்தானே, எப்பவும் போல?"

"ஒரே குடும்பம். என் ஊட்டு ஆளுங்க மட்டும்தான். வெளி ஆளு யாரும் இல்ல."

சொல்லும்போது நாக்குக்கு இனிப்பாக இருந்தது. அக்கா வண்டியோடு வந்து இறங்குவாள், இடம் தம்பியுடையது என்று தெரியும், கேட்பாள். கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, அப்புறம் விட்டுக்கொடுத்து, அங்கேயே கல்யாணத்தையும் பேசி முடித்துவிடலாம். வழியெல்லாம் இதை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான், மகாராஜா மாதிரி.

ஆடிப் பதினெட்டும் வந்தது. மரத்தடியில் கூடாரம் போட்டார்கள். அவர்கள் வீட்டு வழக்கப்படி, வெளியில் தங்கினால் முதல் அடுப்பை அந்த வீட்டில் பிறந்து கட்டிக்கொடுத்த பெண்தான், அதாவது அக்காதான், பற்றவைப்பாள். அதற்கு முன் யாரும் சோறு துன்னக் கூடாது. அக்கம்பக்கத்துக் கூடாரங்களில் புளிசோறு தாளிக்கும் வாசனை வந்தது. இவர்கள் அடுப்பு மட்டும் சும்மா கிடந்தது. புதுத் தாவணி கட்டிய அம்சவேணி வண்டிப்பாதையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் உச்சிக்கு ஏறியது.

"நானே பத்த வெச்சுடட்டுமா?" என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி பொன்னியம்மா.

"அக்கா வரும். இருடி."

அக்கா வரவில்லை, நாகபூஷணம்தான் வந்தார்.

"ஏமய்யா, இன்னும் சமையல் ஆகலியா? யாருக்குக் காத்துக்கினு இருக்கீங்க?"

"எங்க அக்காவுக்கு."

நாகபூஷணம் திருதிருவென்று விழித்தார்.

"அவங்க வரமாட்டாங்களே! நீ வந்துட்டுப் போன மறு வாரமே வந்தாங்கய்யா. 'மருத மரத்தடி என் தம்பி பேர்ல போடுங்க, ரெண்டு குடும்பம், தம்பி கோவமா கீறான், கால்ல உழுந்தாவது கூட்டியாந்து இங்கியே கல்யாணத்தைப் பேசி முடிக்கணும்'னாங்க. நான் உள்ளதைச் சொன்னேன். உன் தம்பி ஏற்கெனவே போட்டுட்டாரும்மா, தன் ஊட்டு ஆளுங்க மட்டும்தானாம், வெளி ஆளு யாரும் இல்லைன்னாரு, அப்படின்னேன். 'அப்படியா சொன்னான்'னு கேட்டாங்க. அப்புறம் போயிட்டாங்க."

கோவர்த்தனனுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரையாவது திட்டலாம் என்று பார்த்தான். திட்ட ஆள் இல்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் கூடுதல் இல்லை.

"வண்டியைக் கட்டிக்கினு ஊட்டுக்குப் போங்க. நான் அக்காவைப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டான்.

பள்ளிப்பட்டில் இறங்கியபோது பொழுது சாயவில்லை. என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்தபடியே வந்திருந்தான். தப்பு என்னுது அக்கா. அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் அவள் அழுவாள், திட்டுவாள், சோறு போடுவாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். செங்கம்மா வெளியே வந்தாள்.

"வாங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவனை 'வாடா' தவிர வேறு எதுவும் சொல்லாத வாய் அது.

"அக்கா..."

"உக்காருங்க. மோர் கொண்டாரேன்."

"அக்கா, நான் வீம்புக்குச் சொன்னது. நெசமா இல்ல. தப்பு என்னுதுதான்."

"தெரியும்" என்றாள் அவள். கண் கலங்கித்தான் இருந்தது. "ஆனா நான் நெசம்னு நெனைச்சுக்கினேனே. ஆனிக் கடைசியில துலுக்காணத்துக்குத் திருவள்ளூர்ப் பொண்ணை நிச்சயம் பண்ணிட்டோம். ஆவணியில கல்யாணம். வாக்குக் குடுத்தாச்சு, அதுவும் நம்ம அம்சா மாதிரி ஒரு பொண்ணுதானே. நிச்சயத்துக்கு உங்களுக்குச் சொல்ல மனசு வரல."

முனிரத்தினம் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வாயில் கேலி இல்லை. "நானும் வாயை வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம் மச்சான்" என்றார்.

செங்கம்மா உள்ளே போய், தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து எடுத்து வந்தாள்.

"தாய்மாமன் நீங்க ஒருத்தர்தான். வந்து முறையைச் செஞ்சிடுங்க."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு என்ன பாத்தியதை இருந்தது? இரண்டு கையாலும் வாங்கித் துண்டில் முடிந்துகொண்டான்.

மறுநாள் காலையில்தான் ஊருக்கு பஸ். அவன் தெருவில் திரும்பும்போதே அம்சவேணி பார்த்துவிட்டாள். ஓடி வந்து கையிலிருந்த துண்டை வாங்கிப் பிரித்தாள். வெற்றிலையையும் பாக்கையும் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை, கோவர்த்தனன் பார்க்க மாட்டாமல் பார்த்தான்.

"நைனா! அத்தை வெத்தலை பாக்கு குடுத்தாங்களா? கோவம் போயிடுச்சா? எப்போ வெச்சிக்கீறாங்க?"

"ஆவணியில" என்றான். அவள் வெட்கப்பட்டு உள்ளே ஓடத் திரும்பினாள். ஓடவிடக் கூடாது என்று எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்சா, இரும்மா. பொண்ணு திருவள்ளூராம்."